ஏழு வெடி, ஒரு புட்டா

எங்கள் ஊரில் ஒருத்தன் துப்பாக்கி வைத்துக்கொண்டு சுடுகிறான் என்பதை ஊர் ஒப்புக்கொள்வதற்கே நாலு வெடி ஆயிற்று. ஊரைக் குறை சொல்ல முடியாது. காஞ்சிபுரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் "எந்தக் கோயில்ல இன்னிக்கு சாமி பொறப்பாடு?" என்று கேட்பார்களே தவிர, யார் யாரைச் சுட்டது என்று கேட்கிற வழக்கம் இல்லை.

முதல் வெடியில் ஒரு வீட்டு மொட்டைமாடிச் சுவர்மேல் இருந்த தண்ணிப் பானை சிதறியது. மாமியார் மருமகளைத் திட்டினாள், மருமகள் பூனையைத் திட்டினாள். இரண்டாவது, மாட்டுக் கொட்டகைக் கூரைமேல் கிடந்த தேங்காய்நார்க் கயிற்றுச் சுருளில் விழுந்தது. கயிறு யாரிடம் போய்ச் சொல்லும்? மூன்றாவதுதான் கொஞ்சம் பேச்சானது. ஒரு மேளக்காரர் தன் தவிலை உறையோடு மாடியில் வெயிலுக்கு வைத்திருந்தார். அதில் நாலு ஓட்டை. மனுஷர் தவிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் காட்டினார். "முப்பது வருசமா நான் அடிச்சிக்கினு இருக்கேன், ஒரு கீறல் கெடையாது. எவனோ தூரத்துல நின்னுக்கினு ஒரே தட்டுல பொத்தல் போட்டுட்டானேப்பா" என்றார். அதில் அழுகை எவ்வளவு, பொறாமை எவ்வளவு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நாலாவது, மாடியில் காயவைத்த புளிக்கூடையில் பாய்ந்தது. அந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர் சாப்பிடும்போது பல்லில் கடக்கென்று ஏதோ பட்டது. எடுத்துப் பார்த்தால் மிளகு மாதிரி ஒரு ஈயக் குண்டு. "ஈயச் சொம்புல ரசம் வெக்கிறதக் கேள்விப்பட்டிருக்கேன். ரசத்துல ஈயத்தையே வெச்சு இப்பத்தாம்பா பாக்கறேன்" என்று அவர் வாசலில் நின்று சொன்னார். அன்றைக்குத்தான் ஊர் பயந்தது.

இது அறுபதுகளின் கடைசியில். நான் அப்போது பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலைக்கு டிசைன் வரைந்துகொண்டிருந்தேன். கட்டம் போட்ட கிராப் தாளில், ஒரு கட்டத்துக்கு ஓர் இழை என்று வைத்து, சின்னப் பிரஷ்ஷால் புள்ளி புள்ளியாக மயிலோ மாங்காயோ போட்டுக் கொடுப்பேன். அதைப் பார்த்துத் தறியில் மாட்டுகிற அட்டையில் ஓட்டை குத்துவார்கள். சேலை உடம்பில் அங்கங்கே தனித்தனியாக விழுகிற பூவுக்குப் புட்டா என்று பேர். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு ஐந்தாவதோடு சரி. மீதியெல்லாம் தறிமேட்டில் உட்கார்ந்து, மனுஷர்கள் வாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஜனங்கள் போகிறபோக்கில் சொல்கிற வார்த்தையைப் பொறுக்கி வைத்துக்கொள்வது எனக்கு ஒரு வியாதி. அந்த எட்டு பத்து நாளில் பொறுக்கியது போல நான் எப்போதும் பொறுக்கியதில்லை.

பால்காரர் தலையில் அலுமினியக் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். "அப்ப பால எதுல ஊத்துவ?" என்று கேட்ட அம்மாளிடம், "தலை இருந்தாத்தானேம்மா பால்காரன்" என்றார். குடை ரிப்பேர் செய்கிற பாய் ஒருவர் எங்கள் தெரு முனையில் உட்கார்ந்திருப்பார். சுடுகிறவனின் போக்கை முதன்முதலில் ஆராய்ந்தவர் அவர்தான். "யோசிச்சுப் பாருங்க. நாலுல மூணு மாடி வீடு. அவனுக்கு மாடி வெச்சவங்க மேலதான் கோவம். நம்மள மாதிரி ஓட்டு வீட்டுக்காரங்க பேஃபிகரா, கவலையில்லாம இருக்கலாம்" என்றார். மறுநாள் ஐந்தாவது வெடி ஒரு ஓட்டு வீட்டின் கூரைமேல் மடித்துப் போட்டிருந்த பழைய கம்பளியில் விழுந்தது. பாய் குடைக்கம்பியைக் கீழே வைத்தார். "ஓட்டையும் சேத்துக்கிட்டானா, ஹராம்ஜாதா" என்றார்.

பிறகு எல்லாரும் ஆராய ஆரம்பித்தார்கள். சுட்ட வீடெல்லாம் தெற்குப் பார்த்த வீடு என்று ஒருத்தர் கண்டுபிடிக்க, தெற்குப் பார்த்த வீட்டுக்காரர்கள் கொல்லைவழியாகப் போய்வந்தார்கள். சுட்ட வீட்டிலெல்லாம் மருமகள் கிழக்கத்திக்காரி என்று இன்னொருத்தர் கண்டுபிடித்தார். ஒரு வீட்டில் அதற்காக ஒரு பெண்ணை அம்மா வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள், அவளும் சந்தோஷமாகப் போனாள். ஆறாவது வெடி ஒரு மதில்மேல் வைத்திருந்த நெற்றுத் தேங்காய்க் குவியலில் விழுந்ததும், "சாப்பாட்டுச் சாமான்தான் அவன் குறி" என்றார்கள். ஏழாவது, ஒரு மாடிச் சுவர்மேல் காயவைத்த மண் அடுப்பில் விழுந்தது. "பாத்தியா, சாமான் முடிஞ்சு அடுப்புக்கு வந்துட்டான்" என்றார்கள். எதைச் சொன்னாலும் சரியாகவே இருந்தது.

பயத்துக்கு ஒரு கமிட்டி வேண்டாமா? வந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால், சுற்றிலும் மரமும் ஆளுயர மதிலுமாக ஒரு பெரிய வீடு உண்டு. அதில் ஒரு ரிட்டயர்டு தாசில்தார் இருந்தார். அவர்தான் தலைவர். தினம் ஸ்டேஷனுக்குப் போய், "பொதுஜனத்துக்குப் பாதுகாப்பு எங்கே? ஆக்ஷன் எங்கே?" என்று மேஜையைத் தட்டுவார்.

ஸ்டேஷனுக்கு ஒரு இன்ஸ்பெக்டர் புதிதாக வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். எங்கோ ஒரு டிரெய்னிங்கில், குற்றம் தொடர்ந்து நடந்தால் அதற்குள் ஒரு பேட்டர்ன் இருக்கும், அதைப் பிடித்தால் ஆளைப் பிடித்த மாதிரி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் ஏட்டைக் கூப்பிட்டு, "இந்த ஊர்ல பேட்டர்ன் தெரிஞ்ச ஆள் யாரும் உண்டுமாவே?" என்று கேட்டிருக்கிறார். ஏட்டு உள்ளூர்க்காரர். அவருடைய மச்சான் தறிக்காரன். பெரிய பட்டுக்கடைக்காரர்கள் டிசைனைப் பேட்டர்ன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறார். வேறு பேட்டர்ன் உலகத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"வாப்பா, ஐயா கூப்புடறாரு."

"நான் இன்னாங்க பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. பேட்டர்ன் போடணுமாம். அவசரம்."

இன்ஸ்பெக்டர் மகளுக்குக் கல்யாணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கிராப் தாள், பிரஷ், கலர் டப்பா எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

"நீருதான் பேட்டர்ன் பாக்குற ஆளா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமாங்க சார். பதினஞ்சு வருசமா."

"எங்கன படிச்சீரு?"

"படிக்கலீங்க. தானா கத்துக்கினதுதான்."

"மெட்ராஸ்லகூட இதுக்கு ஆள் கெடையாதுங்காங்க."

"மெட்ராஸ்காரங்களே எங்கிட்டதாங்க வராங்க."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாசத்துக்கு எத்தனை பாப்பீரு?"

"நாலஞ்சு சார். ஆடி போச்சுன்னா பத்துகூட வரும்."

"பத்தா! இந்த ஊர்லயா! எல்லாம் எப்படிவே முடியுது?"

"பெரும்பாலும் கல்யாணத்துலதாங்க முடியும்."

அவர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு பெருமையாகத் தலையை ஆட்டினார். நான் தாளை விரித்துத் தொழில்முறையாகக் கேட்டேன்: "பார்டர்ல வேணுமாங்க, உடம்புலயா?"

"உடம்புல இதுவரைக்கும் படலவே" என்றார் இன்ஸ்பெக்டர். "சாமான் மேலதான் பட்டிருக்கு" என்று ஏழு வெடியின் பட்டியலை என் முன்னால் வைத்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. "தப்பான ஆளைக் கூட்டியாந்துட்டாங்க சார்" என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஸ்டேஷனில் தப்பான ஆள் என்ன ஆவான் என்பது எனக்கு நேர் எதிரே, கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

கோயில் வாசலில் பாசிமணியும் ஊசியும் விற்கிற குருவிக்காரர் அவர். ஊருக்கே தெரிந்த முகம். நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு தென்னேரி ஏரிப்பக்கம் போவார், கொக்கோ காடையோ அடித்துக்கொண்டு வருவார். வியாழக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது துப்பாக்கியோடு பிடித்துவிட்டார்கள். ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்த பெரிய மனிதர்கள் வீட்டுக்கெல்லாம் போலீஸ் போய், காபி குடித்துவிட்டு வந்தது. இவர் காபி கொடுக்கக்கூடியவர் இல்லை. திங்கட்கிழமை கோர்ட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. துப்பாக்கி பீரோவுக்குப் போய்விட்டது.

"சாமி" என்று கம்பி வழியாக என்னைக் கூப்பிட்டார். "நீ எழுதற ஆளா? ஒண்ணு எழுதிக்கோ. சுட்டேன்னு வேணா எழுதிக்கோ. ஏழு தபா சுட்டு ஏழு தபாவும் குறி தப்பிடுச்சுன்னு எழுதாதே. எங்க ஆளுங்க என்னைப் பந்தியில சேக்கமாட்டாங்க சாமி."

"சும்மா கெடடா" என்றார் ஏட்டு.

"நீ சொல்லு சாமி. பானைய எவனாவது சுடுவானா? பானை ஓடுதா, பறக்குதா?"

வெளியே பூவரச மரத்தடியில் அவர் மனைவி உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் ராத்திரியிலிருந்து அங்கேயேதான் இருக்கிறாள் என்று ஏட்டு சொன்னார். நான் வெளியே வந்ததும் கையை நிறுத்தாமலே பேசினாள்.

"சாமி, எங்க ஆளுங்க கோர்ட்டுக்குப் போனா ஆறு மாசம், வருசம்னு உள்ளயே கெடக்கறாங்க. அவனாவது வந்துருவான். துப்பாக்கி வராது. அது வரலன்னா இந்தப் பாசிமணியையா சாமி ஆக்கித் தின்றது?" ஒரு மணியைக் கோத்துவிட்டுச் சொன்னாள்: "ஏழு வெடியாம், ஒரு காக்கா கூடச் சாவலையாம். இது கண்ணு தெரியாதவன் சுட்டது. உள்ள போய் அந்தப் பெரிய சாமிகிட்ட இத மட்டும் சொல்லிடு."

"சொல்றேம்மா" என்றேன்.

உள்ளே போனேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். சொல்லவில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் வேலை செய்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு கட்டம். தெருவுக்கு இரண்டு வரிசை. வெடி விழுந்த கட்டத்தில் புள்ளி. எங்கள் வேலையில் புள்ளிக்குக் கலர் இல்லாமல் விடமாட்டோம். எந்தச் சாமானோ அந்தச் சாமானின் கலர் என்று வைத்துக்கொண்டேன். பானைக்குக் காப்பிக்கொட்டைக் கலரைக் குழைத்தேன். கயிறு, தவில் உறை, புளி, கம்பளி, நெற்றுத் தேங்காய், மண் அடுப்பு. ஏழும் முடிகிறவரை பிரஷ்ஷைக் கழுவ வேண்டிய அவசியமே வரவில்லை. அதையும் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். "சார், ஒரே கலர் புட்டா. கடையில இதுக்கு மவுசு இருக்காது" என்றேன். துப்புக் கையில் இருந்தது. நான் அதற்கு விலை போகுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டருக்கு வேறு ஒரு பேட்டர்ன் கிடைத்திருந்தது. "அவனைப் புடிச்ச அன்னையிலருந்து ஒரு வெடி உண்டுமாவே? வெள்ளிக்கிழமை இல்லை, இன்னைக்கும் இல்லை. இதைவிட என்ன வேணும்?" என்றார். எங்கள் ஊரில் வெடி இல்லாத வெள்ளிக்கிழமைகள் எத்தனையோ போயிருக்கின்றன என்று எனக்குத் தோன்றியது. அதையும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தாசில்தார் வந்தார். உள்ளே நுழைந்ததும், சுவரில் ஆணியில் தொங்கிய இன்ஸ்பெக்டரின் தொப்பிக்கும் சட்டைக்கும் கை கூப்பி, "நமஸ்காரம் இன்ஸ்பெக்டர், என்ன ப்ராக்ரஸ்?" என்று கேட்டார். நிஜ இன்ஸ்பெக்டர் இந்தப் பக்கம் நாற்காலியில் இருந்தார். ஏட்டு என் காதில், "பாத்தியா, யூனிஃபாரத்துக்கே மரியாதை குடுக்கறாரு. அந்தக் காலத்து ஆபீசருங்க" என்றார். நானும் நெகிழ்ந்துபோனேன்.

"பேட்டர்ன் ரெடியா?" என்றார் இன்ஸ்பெக்டர் என்னிடம்.

தாளை விரித்தேன். ஏழு புள்ளியும் கிட்டத்தட்ட ஒரு வட்டமாக விழுந்திருந்தது, ஏழு இதழ் பூ மாதிரி. நடுவில் மட்டும் ஒன்றும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காலியிடம் என் கண்ணை உறுத்தியது. புட்டாவுக்கு நடுவில் ஒரு புள்ளி இல்லாமல் எவனாவது விடுவானா? எந்த முதலாளியும் வாங்கமாட்டான்.

"சார், டிசைன் இன்னும் முடியல. இதழ் போட்டாச்சு, நடுப்பொட்டு வெக்கல. அடுத்தது இங்கதான் சார் விழும்" என்று பிரஷ்ஷின் பின்பக்கத்தால் தொட்டுக் காட்டினேன்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "இது யார் வீடுவே?"

ஏட்டு கட்டங்களை எண்ணினார். திரும்ப எண்ணினார். பிறகு மெதுவாகத் தாசில்தாரைப் பார்த்தார்.

"என் வீடா!" என்றார் தாசில்தார். "கமிட்டி வெச்சதுக்கு ரிவெஞ்சா? உள்ள இருக்கறவனுக்குக் கூட்டாளி இருக்கான்னு நான் அப்பவே சொன்னேன். எனக்கு உடனே ப்ரொடெக்ஷன் வேணும்."

இப்படியாக, சுடுகிறவனிடமிருந்து சுடுகிறவனைக் காப்பாற்றுவதற்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏட்டும் நானும் அந்த வீட்டு மொட்டைமாடிக்கு ஏறினோம். நான் எதற்கு என்றால், புள்ளி சரியாக எங்கே விழும் என்று ஏட்டுக்குக் காட்டுவதற்கு.

தாசில்தார் வீட்டம்மா நல்ல மனுஷி. "அவர் தூங்கறார், எழுந்ததும் சொல்றேன்" என்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து மேலே அனுப்பினாள். மாடியில் வேப்பங்கிளை ஓரமாக இரண்டு ஊறுகாய் ஜாடி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் நிழல் பார்த்து உட்கார்ந்தேன். ஏட்டு கட்டைச்சுவர் ஓரமாக, தொப்பியைக் கழற்றி வைத்து, காக்கிச் சட்டையும் காக்கி நிஜாருமாகக் குந்திக்கொண்டு பழத்தை உரித்தார். நாலு மணி இருக்கும். கோயில் பக்கத்திலிருந்து குரங்குக் கூட்டம் மரத்துக்கு மரம் தாவி வருகிற நேரம்.

படியில் காலடிச் சத்தம். தாசில்தார் வந்தார். கையில் ரெட்டைக்குழல் துப்பாக்கி. எங்களுக்குத் துணையாக வருகிறார் என்றுதான் நினைத்தேன். பூனை மாதிரி இரண்டடி வைத்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு ஏட்டையே பார்த்தார். ஏட்டு வாயில் பழம்.

"வந்தியா?" என்றார் தாசில்தார் ரகசியமாக. "மறுபடியும் வந்தியா? மரியாதையா என் கண்ணாடியக் குடுத்துடு."

ஏட்டு மென்றுகொண்டே இரண்டு கையையும் விரித்தார், எந்தக் கண்ணாடி என்கிற மாதிரி.

"என்கிட்டயே சேஷ்டை பண்றியா, ராஸ்கல்!"

துப்பாக்கி மேலே போவதைப் பார்த்து நான் என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. "சார், அது ஏட்டு!" என்று கத்தினேன் என்று ஏட்டு பின்னால் எல்லாரிடமும் சொன்னார். வெடி வெடித்தது. ஏட்டுக்கு ஆறடி தள்ளி ஒரு ஊறுகாய் ஜாடி பொடிப்பொடியானது. ஏட்டு குப்புற விழுந்து, எலுமிச்சை ஊறுகாயில் நனைந்து, "செத்தேன், செத்தேன், எரியுது" என்று அலறினார்.

"யாரு பேசறது?" என்றார் தாசில்தார், நாலு பக்கமும் திரும்பி. "குரங்கு எங்கே?"

வீட்டம்மா மூச்சிரைக்க மேலே வந்தாள். அவள்தான் சொன்னாள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு குரங்கு அவர் மூக்கிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மெட்ராஸில் புதுக் கண்ணாடிக்குச் சொல்லியிருக்கிறது, இன்னும் வரவில்லை. கண்ணாடி இல்லாமல் அவருக்கு நாலடிக்கு அப்பால் எல்லாம் கஞ்சித்தண்ணி. அதை வெளியே சொன்னால் கமிட்டிக்கு மதிப்புப் போய்விடும் என்று சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தார். குரங்கைச் சுடுவது பாவம் என்பதால், சுட்டவுடன் யாரும் பார்ப்பதற்குள் கீழே இறங்கிவிடுவார். மரமும் மதிலும் சத்தத்தைச் சுற்றிவிட்டுவிடும், எங்கிருந்து வந்தது என்று வெளியே தெரியாது. வியாழக்கிழமையோடு தோட்டா தீர்ந்துபோய், ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் புதுப் பெட்டி வந்திருக்கிறது.

எனக்கு என் பிரஷ் ஞாபகம் வந்தது. உயரத்தில், சுவர்மேல், கூரைமேல், உருண்டையாக, காப்பிக்கொட்டைக் கலரில் எது இருந்தாலும் அவருக்குக் குரங்கு.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம், அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான். "நான் சுட்டது குரங்கை. ஊர்ல சுடறவன் வேற ஆளு. அதை இதோட சேக்காதீங்க" என்று உறுதியாகச் சொன்னார். தினம் ஸ்டேஷனுக்குப் போய், சுட்டவனைப் பிடியுங்கள் என்று மேஜையைத் தட்டியது மனப்பூர்வமாகத் தட்டியது. நாங்கள் கிளம்பும்போது எங்கள் முதுகுப்பக்கம் அந்தம்மா, "குரங்குக்கு இல்லாத குறி என் ஊறுகாய்க்கு எங்கேர்ந்து வந்தது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "பெரிய மனுஷன். கண்ணாடி வார வரைக்கும் துப்பாக்கியைத் தொடாதேயும்னு நான் சொல்லிக்கிடுதேன். கேஸுன்னு ஒண்ணும் வேண்டாம்" என்றார். "அந்தக் குருவிக்காரனைப் போகச் சொல்லும்."

ஏட்டு பூட்டைத் திறந்தார். குருவிக்காரர் எழுந்திருக்கவில்லை.

"துப்பாக்கி?"

"அது பீரோவுல இருக்கட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஏழு வெடிக்கு மேலிடத்துக்கு ஒரு துப்பாக்கி காட்டணும்லா? ஆள் கிடைக்கலை, துப்பாக்கி கிடைச்சுதுன்னு எழுதிக்கிடுவேன்."

"என் துப்பாக்கி பானையச் சுட்டுச்சுன்னா எழுதப்போறே?" என்றார் குருவிக்காரர். "அப்ப என்னையும் உள்ளயே வெச்சுப் பூட்டிக்கோ சாமி." சுவரோரமாகப் போய்ப் படுத்துக்கொண்டார். ஸ்டேஷனில் திறந்த லாக்கப்பில் போகமாட்டேன் என்று ஒருத்தன் படுத்திருக்க, போ போ என்று ஏட்டு கெஞ்சியதை நான் ஒருவன்தான் பார்த்திருப்பேன்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "அந்தத் தாளைக் கொண்டாரும்."

ஏன் என்று புரிந்தது. ஏழு புள்ளியும் விரல் நீட்டுகிற மாதிரி நடுவில் இருந்த வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. கண் இருக்கிற எவனுக்கும் அது தெரியும். நான் கொடுக்குமுன் அவரே எடுத்து நாலாகக் கிழித்து, எட்டாகக் கிழித்து, மேஜைக்குக் கீழே போட்டார்.

வாசலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் அவள் எழுந்து நின்றிருந்தாள். கதவு வழியாக எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். என் வாய் எப்படித் திறந்தது என்று தெரியவில்லை.

"ரஃப் வீட்ல இருக்குது சார்."

"என்னது?"

"ரஃப் காப்பி. எங்க தொழில்ல ரஃப் போடாம ஃபேர் போடமாட்டோம். தறிக்காரன் வீட்ல எலி கடிச்சிடும், மழைல நனைஞ்சிடும். அதனால ஒண்ணு எப்பவும் எங்ககிட்ட இருக்கும்."

"எடுத்துட்டு வாரும்."

"அந்தத் துப்பாக்கிய அவரு கையில குடுத்துடுங்க சார். நான் வீட்டுக்குப் போனவுடனே ரஃப்ப அடுப்புல போட்டுடறேன். நடுவுல இருக்கற வீடு யார் வீடுன்னு எனக்கு மறந்துபூடும்."

ரஃப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பயத்தில் நேராக ஃபேராகவே போட்டிருந்தேன். பதினைந்து வருஷத்தில் ரஃப் போடாமல் போட்ட ஒரே தாள் அது. இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். தலையெல்லாம் எலுமிச்சைச்சாறு காய்ந்து பிசுபிசுத்துக்கொண்டிருந்த ஏட்டு, பொய் என்று நினைத்தாரோ நிஜம் என்று நினைத்தாரோ, "ஆமாங்கய்யா, எம் மச்சான் சொல்லுவான், ரெண்டு போடுவாங்க" என்றார்.

பீரோ திறந்தது.

குருவிக்காரர் துப்பாக்கியை வாங்கி, வெளிச்சத்துக்குக் குழலைத் தூக்கி உள்ளே பார்த்தார். மூக்கை வைத்து முகர்ந்தார். "மூணு நாள்ல இப்படித் துரு புடிக்க வெச்சிருக்கீங்களே" என்று ஏட்டைத் திட்டிவிட்டு, தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

நானும் பின்னாலேயே போனேன். அவள் மணிகளையெல்லாம் மூட்டையாகக் கட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவாள், பொறுக்கி வைத்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏன் சாமி, இந்த வாயி வெள்ளிக்கிழமை எங்க போயிருந்துச்சு?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே வாலாஜாபாத் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர், "துப்பாக்கிய உள்ள கொண்டாராத, மேல போடுப்பா" என்றார். "மேல போடமாட்டேன்" என்றார் குருவிக்காரர். படியில் நின்று அவர்கள் போட்ட சண்டை தீர்வதற்குள் பஸ் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது.